இன்னொரு வாட்டி கட்ட வேணாம்

"கையை எடு அம்சா. நேரமாச்சுன்னா வாய் தொறந்துகினே நின்னுடும். அப்பால இன்னா பண்ணாலும் மூடாது," என்றாள் சரோஜா.

அவள் கையில் வெள்ளை வேட்டியிலிருந்து கிழித்த மூன்று துண்டுகள் இருந்தன. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அந்தத் தெருவில் சாவு விழுந்தால் சரோஜாதான் முதலில் போய் நிற்பாள். அழுவதற்கு ஊரே இருக்கிறது, வேலை செய்ய யார் இருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. தாடை தொங்காமல் தலையோடு சேர்த்து ஒரு கட்டு, கைகள் சரியாமல் ஒரு கட்டு, கால்கள் விலகாமல் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து ஒரு கட்டு. உடம்பு விறைப்பதற்குள் மூன்றையும் போட்டு முடித்துவிட்டுத்தான் அவள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைப்பாள்.

அம்சா கையை எடுக்கவில்லை. கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்த புருஷனின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கை அவர் தாடைக்கு அடியில் இருந்தது. மூன்று நாள் தாடி குத்தியது. தாடை இன்னும் சூடாகவே இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நானே புடிச்சிகினு இருக்கேன்க்கா. கட்டு வேணாம்."

"எவ்ளோ நேரம் புடிப்ப?"

"மூடற வரைக்கும்."

சரோஜா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். சாவு வீட்டில் எத்தனையோ விதமான பேச்சைக் கேட்டவள். அதிர்ச்சியில் இருக்கிறாள், கொஞ்ச நேரம் போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். துண்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எண்ணெய் தேடப் போனாள்.

செங்கல்வராயனுக்கு ஐம்பத்துநாலு வயது. ஆறரைக்குப் பாதிக் காபி குடித்தார். நெஞ்சில் என்னவோ பண்ணுகிறது என்றார். மிச்சக் காபியை மூடி வை, வந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் வந்து சாய்ந்தார். திருப்போரூரிலிருந்து டாக்டர் பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி ஏழு. டாக்டர் வாட்ச்சைப் பார்த்து நேரத்தை மட்டும் சொன்னார். சமையலறை மேடையில் டம்ளர் இன்னும் தட்டு மூடியபடி இருந்தது. யாராவது அதைக் கழுவிவிடப் போகிறார்களே என்று ஒரு பக்கம் அம்சாவுக்குக் கவலையாக இருந்தது. இந்த நேரத்தில் மனசு எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

வாசலில் அவருடைய அண்ணன் தமிழ்வாணன் போனில் பேசிக்கொண்டிருந்தார். பந்தல், மேளம், பூ. சரோஜாவின் புருஷன் அவர். மானாம்பதியில் அரைவை மில் வைத்திருக்கிறார். போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அம்சா, பெங்களூரு ஆளுங்க நாளைக்குத்தான் வருவாங்க. ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டேன்."

"ஐஸ் பெட்டி வேணாம் மாமா."

"வெயிலு எப்டி கீது பாத்தியா? தாங்காதும்மா."

"அவுருக்கு குளிரு ஆவாது. இன்னைக்கே எடுத்துடுங்க. இருக்கறவங்க பாத்தா போதும்."

தமிழ்வாணன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவனுக்குக் குளிர் ஆகாதாம். ஆனால் அவருக்கும் தெரியும். திரும்பி வந்த பிறகு தம்பி ஏசி வேலையைத் தொடவே இல்லை. கிணற்று மோட்டார் ரிப்பேர்தான் பார்த்தான். கல்யாண மண்டபத்தில் ஏசி போட்டால் வெளியே வந்து செருப்புகளோடு நிற்பான். கேட்டால் சிரிப்பான்.

"சரி, நாலு மணிக்கு எடுத்துடலாம். சரோஜா, இன்னும் ஏன் கட்டாம இருக்க?"

"ஒன் தம்பி பொண்டாட்டியக் கேளு," என்றாள் சரோஜா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து.

அம்சா தலையைக் குனிந்துகொண்டாள். அவளிடம் இரண்டு வாக்கு இருந்தது. இரண்டும் ஒரே நாளில் கொடுத்தவை. ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மற்றதை உடைக்க வேண்டும்.

அது ஐந்து வருஷத்துக்கு முன், மாமியார் செத்த அன்று. இதே கூடம்தான். சரோஜா மாமியாரின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி முடிச்சை இறுக்கியபோது, பக்கத்தில் நின்ற செங்கல்வராயன் விருட்டென்று வெளியே போனார். அம்சா பின்னால் ஓடினாள். துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பெற்றவளுக்கு ஒரு கட்டு கட்டும்போது நிற்க முடியாதவன் என்ன பிள்ளை என்று தமிழ்வாணன் பத்துப் பேர் கேட்கச் சொன்னார். அண்ணன் உள்ளே போகும்வரை செங்கல்வராயன் கல்லை விடவில்லை. அம்சாவிடம் மட்டும், அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து, வளைகுடாவில் தன்னைப் பிடித்துக்கொண்டு போன கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். அதுவரை துண்டு துண்டாகத்தான் சொல்லியிருந்தார்.

"பிளேன்ல ஏத்தறதுக்கு முன்னாடி கண்ணுல பிளாஸ்திரி ஒட்டி, தலையில ஒரு பைய மாட்டி, கை ரெண்டையும் கட்டினாங்க. கால் ஒதைக்கறேன்னு கட்டைவிரல் ரெண்டையும் சேத்து ஒயரால கட்டினாங்க. அண்ணி இப்ப கட்டினாங்களே, அதே மாதிரி. சரி, நமக்கு எல்லாம் முடிஞ்சுது, கட்டிட்டாங்கன்னு நெனச்சிகினேன். அங்க இருந்த பதினோரு மாசமும் அந்தக் கட்டுதான் அம்சா. பேர் கேட்டா கட்டு. தெரியாதுன்னா கட்டு. கட்டிப் போட்டு மூஞ்சியில தண்ணி ஊத்துவாங்க."

அம்சா அவர் வாயைத் துடைத்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு வாட்டி கட்டியாச்சு. இன்னொரு வாட்டி கட்ட வேணாம். நீ பாத்துக்க."

"இன்னா பேச்சு இது. நான்தான் மொதல்ல போவேன்."

"நீ போனா அண்ணி கட்டட்டும். எனக்குப் பிரச்சனை இல்ல," என்று சொல்லிச் சிரித்தார். அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார். "துர்காவுக்கு இதெல்லாம் தெரியக்கூடாது. அதுக்கு நான் மோட்டார் மாட்டற அப்பாவாவே இருக்கணும்."

இதுதான் அந்த இரண்டாவது வாக்கு.

பத்து மணிக்கு துர்கா வந்தாள். படூரில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். அங்கேயே தோழிகளோடு தங்கியிருக்கிறாள். ஆட்டோவிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, அப்பாவின் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினாள். அம்சா இடது கையால் மகளின் தலையைத் தடவினாள். வலது கையை எடுக்கவில்லை. தோள்பட்டை மரத்துப் போயிருந்தது.

மகள் வந்தாகிவிட்டது, இனிமேல் என்ன என்பதுபோல் சரோஜா துண்டுகளை உருவினாள்.

"நீ இப்டி கொஞ்சம் நவுரும்மா துர்கா. பெரீம்மா கட்டிடறேன். காலு வெலகிகினு கீது பாரு."

"வேணாம்க்கா."

"அம்சா, இன்னா சும்மா வேணாம் வேணாம்னுகினு?" என்று தமிழ்வாணன் முன்னால் வந்தார். குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தார், முடியவில்லை. "வர்றவன் போறவன் பாக்கறான். ஏற்கெனவே கேஸ்காரன் வூடுன்னு பேரு. இதுல கட்டாம கொள்ளாம போட்டு வெச்சா இன்னா பேசுவாங்க? எல்லாருக்கும் செய்யறத அவனுக்கும் செய்யணும்."

கேஸ்காரன். எந்தக் கோர்ட்டிலும் செங்கல்வராயன் மேல் ஒரு கேஸ் கிடையாது. அதுதான் கொடுமை. கேஸ் இருந்திருந்தால் ஜெயித்திருக்கலாம்.

நடந்தது இவ்வளவுதான். துர்கா பெரியவளான சமயம். சடங்குக்கு வருகிறேன் என்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு ஆறு மாதம் முன்னால், அவர் அறைக்குப் புதிதாக வந்த ஒருவனுக்கு லேபர் கார்டு வராமல் இருந்தது. வீட்டுக்குப் பேச ஒரு சிம் வேண்டுமென்றான். செங்கல்வராயன் தன் கார்டைக் காட்டி வாங்கிக் கொடுத்தார். கேம்ப்பில் எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற உபகாரம். அவருக்கே முதல் சிம் அப்படித்தான் கிடைத்தது. அந்த நம்பர் எத்தனை கை மாறி எவனிடம் போனதோ, எவன் எதற்குப் பேசினானோ. ஊருக்கு வரும் விமானத்துக்காக நின்றவரை ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். நம் நாட்டு அதிகாரி ஒருவர் வந்தார். எந்த இலாகா என்று சொல்லவில்லை. "சாப்ட்டியா?" என்று தமிழில் கேட்டார். அந்த ஒரு வார்த்தையை நம்பி இவர் அழுதுவிட்டார். அதிகாரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் கண்ணில் ஒட்டப் பிளாஸ்திரியை வெளியே எடுத்தார்கள்.

எந்த நாட்டுக்குக் கொண்டு போனார்கள் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. பதினோரு மாதம் கழித்து ஒரு மத்தியான வேளையில் சென்னையில் கொண்டுவந்து விட்டார்கள். பஸ் பிடித்து வந்தார். சடங்கை அண்ணன் செய்து முடித்திருந்தார். ஊரெல்லாம் பேச்சுக் கிளம்பி, மில்லுக்குள்ளேயும் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போக, தமிழ்வாணன் இரண்டு வருஷம் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தம்பியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு நடந்துவிட்டது என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று மட்டும் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். பதினாலு பதில் வந்தது. இப்படி ஒருவரை யாரிடமும் ஒப்படைத்ததாகப் பதிவு எதுவும் இல்லை என்று பதினாலிலும் இருந்தது. அவர் அவற்றை மஞ்சள் பையில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அம்சா மகளைப் பார்த்தாள். துர்காவின் முகம் வீங்கியிருந்தது. அவள் மூக்கு அப்படியே அப்பா மூக்கு. மன்னிச்சுக்கோ என்று அம்சா மனசுக்குள் சொன்னது மகளிடமா, புருஷனிடமா என்று அவளுக்கே தெரியாது.

"மாமா, அவுரு உயிரோட இருக்கறப்பவே இந்தக் கட்டெல்லாம் கட்டிட்டாங்க," என்றாள்.

பிறகு சொன்னாள். தாடையைப் பிடித்த கையை எடுக்காமல், யாரையும் பார்க்காமல், துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அவர் சொன்னதை எல்லாம் சொன்னாள். பிளாஸ்திரி, பை, ஒயர், கட்டைவிரல், தண்ணீர். கூடத்தில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

"இத எங்கிட்ட அவன் சொன்னதே இல்லியே," என்றார் தமிழ்வாணன். "வெளிநாட்டுல ஜெயில்ல இருந்தான், பாஸ்போர்ட் தகராறுன்னான். இப்ப இன்னாவோ நீ..."

"நான் பொய் சொல்றனா மாமா?"

"பொய்னு சொல்லல. யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்," என்றது வாசல் பக்கம் ஒரு குரல்.

தீனதயாளன் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, காக்கிப் பேன்ட், கக்கத்தில் நீளமான நோட்டு. மாதாமாதம் ஐந்தாம் தேதி இந்த வீட்டுக்கு வருகிறவர். இப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது என்று ஓர் அலுவலகம் எழுதிக்கொண்டிருந்தது. அந்த ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கி வர இன்னோர் அலுவலகம் இவரை அனுப்பிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷம். முதல் மாதம் விறைப்பாக நின்றவர், இரண்டாம் வருஷம் மோர் வாங்கிக் குடித்தார். நாலாம் வருஷம் தன் வீட்டு மோட்டாரைக் கொண்டுவந்து ரிப்பேர் செய்துகொண்டார். அம்சாவுக்கு அவர் மேல் கோபம் இருந்தது, மோரும் கொடுத்தாள். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

இன்றைக்கு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செங்கல்வராயனின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார்.

"மொதோ தடவ வந்தப்ப ஃபாரம் ஒண்ணு ரொப்பணும்ணா," என்று தமிழ்வாணனிடம் சொன்னார். "அதுல அங்க அடையாளம்னு ஒரு கட்டம். மச்சம், தழும்பு எதுனா இருந்தா எழுதணும். நான் பாத்து எழுதினது, படிக்கறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒன்று, இரு மணிக்கட்டிலும் வளையம் போன்ற தழும்பு. இரண்டு, இரு கால் கட்டைவிரல் அடியிலும் சுற்றி வெட்டுத் தழும்பு."

வெளியே பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கும் சத்தம் கேட்டது.

தமிழ்வாணன் குனிந்தார். தம்பியின் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மேலே ஏற்றினார். கோடையிலும் முழுக்கைதான் போடுவான் தம்பி. அண்ணன் அதைத் திமிர் என்று நினைத்திருந்தார். வெளிநாட்டுக்குப் போய் வந்த தோரணை. மணிக்கட்டைப் பார்த்தார். இன்னொரு மணிக்கட்டையும் பார்த்தார். சட்டையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். துவைக்கும் கல் அங்கேதான் இருந்தது.

சரோஜா இடுப்பிலிருந்த மூன்று துண்டுகளையும் எடுத்து, சின்னதாகச் சுருட்டி, ஜன்னல் மேல் வைத்தாள்.

அம்சா ஏட்டைப் பார்த்தாள். "பதினோரு வருசமா இது உங்க நோட்டுல இருந்துதா?"

"இருந்துதும்மா."

"எப்டி வந்த தழும்புன்னு எழுதலியா?"

"அந்தக் கட்டம் ஃபாரத்துல இல்லம்மா," என்றார் தீனதயாளன். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

துர்கா அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு வாட்ச்சை எடுத்தாள். அவள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. கறுப்புத் தோல் வார். அவர் ஒரு நாளும் கையில் கட்டியதில்லை. பையிலேயே வைத்திருப்பார். யாராவது மணி கேட்டால் வெளியே எடுத்து, என் பொண்ணு வாங்கிக் குடுத்தது என்று சொல்லிவிட்டுத்தான் மணி சொல்வார்.

"எனக்கு அப்ப ரொம்பக் கோவம்மா," என்றாள். "அப்பாவுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். ரெண்டு நாள் பேசாமகூட இருந்தேன்."

"அதுக்கு அப்பால ஒரு நாள் கட்டிப் பாத்தாரு," என்றாள் அம்சா. "தனியா ரூம்ல. முடியல. பொண்ணுகிட்ட சொல்லாதன்னாரு."

துர்கா வாட்ச்சை மூடிய கையில் வைத்துக்கொண்டு அழுதாள். காலையில் கத்தியதுபோல் இல்லை, சத்தமே வரவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாயைச் சுற்றிப் போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். விலகியிருந்த இரண்டு பாதங்களையும் சேர்த்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

தலைமாட்டில் தாயும் கால்மாட்டில் மகளுமாக அப்படியே இருந்தார்கள். வந்தவர்கள் மாலையைப் போட்டார்கள், மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், எழுந்து போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு, ஏன் கட்டவில்லை என்று கேட்பதற்குள் சரோஜா பதில் சொன்னாள். "அவுனுக்கு கட்டக்கூடாது. அவ்ளோதான்." இன்னும் யாராவது கேட்டால் அடிப்பாள்போல் இருந்தது.

உச்சி வேளைக்கு அம்சா மெதுவாகக் கையை விலக்கிப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. லேசாக, சொல்ல வந்ததைப் பிறகு சொல்லலாம் என்று விட்டவர் மாதிரி. அவளுக்கு அது போதும்.

குளிப்பாட்டும்போது ஆண்கள் நாலு குடம் தண்ணீரோடு வந்தார்கள். முதல் குடத்தைத் தலைக்கு நேராகத் தூக்கியவரை தமிழ்வாணன் தடுத்தார்.

"தலைக்கு ஊத்தாத. தோளுக்குக் கீழ ஊத்து."

அம்சா நிமிர்ந்து பார்த்தாள். இதை அவள் இன்னும் சொல்லவே இல்லை. பதினோரு வருஷமாக அவர் கழுத்துக்குக் கீழேதான் குளித்தார். சனிக்கிழமை எண்ணெய் வைத்தால் அவள்தான் ஈரத்துண்டால் தலையைத் துடைத்து எடுப்பாள். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில்தான் அவர் வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசுவார். காலையில் அவள் சொன்ன தண்ணீரை மாமா மறக்கவில்லை. அவள் துண்டை நனைத்துப் பிழிந்து, நெற்றி, கண், காது மடல், தாடி என்று கடைசியாக ஒரு முறை துடைத்தாள். இந்தத் தடவை பேச்சில்லை.

புறப்படும் நேரத்தில் தீனதயாளன் நோட்டோடு தயங்கி நின்றார். அவருக்கும் கடைசியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. இறந்தார், பதிவு முடிக்கப்பட்டது என்று. கூடவே குடும்பத்தார் ஒருவர் கையெழுத்து.

"எழுதுங்க," என்றாள் அம்சா. "ஆனா அந்தக் கட்டம் இல்லன்னீங்களே, அதையும் எழுதுங்க."

"அம்மா, எனக்கு ரிட்டயர்டு ஆவ இன்னும் ஒரு வருசம் கீது."

"அவுருக்கு அதுவும் இல்ல."

அவர் பேனாவைத் திறந்து மூடினார். வாசலைப் பார்த்தார். பாடையில் பூச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் குடத்தை உருட்டிக்கொண்டு போனார். ஏட்டு நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தார். நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுத்தி எழுதினார். எழுதியதைத் துர்காவிடம் காட்டினார். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"மேற்படி நபர் இன்று காலை இறந்தார். அங்க அடையாளத்தில் சொன்ன தழும்புகள் அவரைக் கட்டி வைத்ததால் உண்டானவை. அதனால் வீட்டார் உடலைக் கட்டவில்லை. நேரில் பார்த்தேன்."

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் துர்கா.

அம்சா நோட்டை வாங்கி ஏட்டிடமே திருப்பி நீட்டினாள். "பதினோரு வருசம் அவுரு போட்டாரு. இந்த வாட்டி நீங்க போடுங்க."

தீனதயாளன் போட்டார். கீழே தன் நம்பரையும் எழுதினார். துர்கா அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். முதல் பக்கத்தையும் எடுத்தாள். மஞ்சள் பையில் சேராத முதல் பதில் அது. மேலிடத்தில் யாராவது படிப்பார்களா, படித்தால் ஏட்டை என்ன செய்வார்கள், எதுவும் தெரியாது. அம்சாவுக்கு அழவேண்டும்போல் இருந்தது. இந்த ஒரு பக்கத்தை அவர் பார்க்காமல் போனாரே என்றுதான்.

இன்னொன்று பாக்கியிருந்தது. பாடையில் கிடத்தியதும் வைக்கோல் பிரியோடு ஒருவர் வந்தார். உடம்பு சரியாமல் இருக்கக் குறுக்கே மூன்று இடத்தில் இறுக்குவார்கள். சுடுகாடு ஏரிக்கரையில் இருக்கிறது. மேடும் பள்ளமுமாக முக்கால் மைல். பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் அவர்கள் பார்வை போகாது. அம்சா இவ்வளவு தூரம் காப்பாற்றி வந்து, முக்கால் மைலில் விட்டுவிடப் போகிறாள்.

தமிழ்வாணன் பிரியை வாங்கிச் சுருட்டி வேலியோரம் போட்டார். கொள்ளிச் சட்டியை மில் ஆள் ஒருவனிடம் கொடுத்தார். தோளில் போட்டிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடையின் வலது பக்கம் வந்து நின்றார். அம்சாவைப் பார்க்கவில்லை. மேளம் தொடங்கியது. நாலு பேர் தூக்கினார்கள். அவர் கை பாடை மேல் போனது.

தெருமுனையில் மண்ணில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். அம்சாதான் கடைசியாக எழுந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் ஏரியில் முழுகிவிட்டு ஈரத்தோடு திரும்பினார்கள். வாசலில் வைத்திருந்த தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு தமிழ்வாணன் உள்ளே எட்டிப் பார்த்தார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அறுபத்துமூன்று வயசு. முக்கால் மைல், தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்திருக்கிறார்.

"கட்டல," என்றார். "ஏரிக்கர மேட்டுல ஒருவாட்டி சாஞ்சான். புடிச்சிகினேன்."

"உள்ள வந்து உக்காருங்க மாமா."

அவர் வந்து உட்கார்ந்தார். அந்த வீட்டுக் கூடத்தில் அவர் அப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. சரோஜா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். தட்டு மூடிய டம்ளரை அவள் கழுவவில்லை. மேடையில் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தாள்.

துர்கா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாட்ச்சை அவளும் கையில் கட்டவில்லை. சுடிதார் பையில் போட்டிருந்தாள். ஒரு டம்ளரை எடுத்து நீட்டினாள்.

"ஒரு வாயாவது குடிம்மா. காலையிலேர்ந்து ஒண்ணும் இல்ல."

அம்சா இடது கையால் வாங்கினாள். வலது கை மடியில், உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு தாடையின் அளவுக்குக் குவிந்தபடியே இருந்தது.